லிஃப்டுக்குள் எடை பார்த்தவர்கள்

லிஃப்டக்காவுக்கு இயற்பியலில் ஒரு பேப்பர் பாக்கி. இருபது வருடத்துப் பாக்கி. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. மூன்றாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்டுக்குள் சும்மா நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார். "எல்லாத்துலயும் பாஸுங்க. இயக்கவியல்ல மட்டும் கவுத்துட்டாங்க."

கவிழ்த்த கேள்வியும் அவருக்கு மறக்கவில்லை. மேலே போகும் லிஃப்டுக்குள் ஒருவர் எடை மெஷின் மேல் நிற்கிறார். லிஃப்ட் இத்தனை நொடியில் இத்தனை வேகத்தைப் பிடிக்கிறது. முடுக்கம் என்ன, முள் என்ன காட்டும்? இதைப் படித்ததும் இருபது வயது அக்காவுக்குப் பரீட்சை அறையிலேயே சிரிப்பு வந்துவிட்டதாம். லிஃப்டுக்குள் எவன் எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போவான்? அந்த ஆளுக்கு வேறு வேலை வெட்டி கிடையாதா? இப்படி யோசித்துக்கொண்டிருந்ததில் மணி அடித்துவிட்டது. விடைத்தாளில் அந்த இடம் வெள்ளையாகவே போய்ச் சேர்ந்தது.

பாக்கியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிக் கல்யாணம் செய்து வைத்தார்கள். பெண்களிடம் 'பிறகு' என்று சொல்லி ஒதுக்கி வைத்தவற்றை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பெரிய கட்டடமே எழுப்பலாம். லிஃப்ட் இல்லாமல் உச்சிக்குப் போக முடியாது.

கணவருக்கு மின்விசிறி, விளக்கு விற்கும் கடை. கடை படுத்தது. "இவ வந்த நேரம்" என்றார் மாமியார். கணவரும் தலையாட்டினார். அக்கா சண்டைக்குப் போகவில்லை, சந்தேகம்தான் கேட்டார். "கடையத் தெறக்குறதே பதினொரு மணிக்கு. அதுலயும் பாதி நாள் சீட்டாட்டம். இதுல என் நேரம் எங்கேர்ந்து வந்துச்சு?" பதிலுக்கு ஒரு தட்டு பறந்து வந்தது. அக்கா குனிந்துகொண்டார். மறுநாள் காலை ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக் கதவைத் தட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவும் மகளும் மட்டும் இருக்கிற இரண்டு அறை வீடு. அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து, சமையல், வாடகை, எல்லாம் நடந்தாக வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்ட ஆள் தேடினார்கள். கட்டடம் முழுக்க டாக்டர்களும் அலுவலகங்களும். லிஃப்டின் கதவு பழங்காலத்து இரும்பு மடக்குக் கதவு. கையால் இழுத்துச் சாத்தினால்தான் வண்டி நகரும். மேலே மெஷின் ரூமில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி மட்டும் புதுசு. கிழவருக்குப் புதுப் பல் கட்டியது மாதிரி.

அந்த நாலடிக்கு நாலடிப் பெட்டிக்குள் அக்கா தன் ராஜ்ஜியத்தை அமைத்துக்கொண்டார். ஒரு முக்காலி. பொத்தான்களுக்குக் கீழே ஒரு சின்னத் தகரத் தட்டு. அதில் எப்போதும் ஒரு டம்ளர் டீ. யார் எந்த மாடி என்று கேட்கவே மாட்டார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் ஐந்து, பல் டாக்டர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால் எட்டு, உடற்பயிற்சி சிகிச்சை. இஸ்திரி மடிப்புக் கலையாமல், சிரிப்பும் கலையாமல் வந்தால் ஒன்பது, இன்ஷூரன்ஸ் கம்பெனி.

வம்பு ஆரம்பித்ததற்குக் காரணமே அக்காதான் என்று சொல்ல வேண்டும். எட்டாவது மாடிக்கு வரும் வயதானவர்கள் லிஃப்ட் ரொம்ப வேகம் என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து, மேனேஜரிடம் போய் நின்றார். "சார், இது லிஃப்டா ராக்கெட்டா? வேகத்தைப் பாதியாக் கொறைங்க." பெண்பிள்ளை கத்துகிறாளே என்று மேனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னார். நொடிக்கு இரண்டு மீட்டர் போய்க்கொண்டிருந்த லிஃப்ட், ஒரு மீட்டருக்கு இறங்கியது. வயதானவர்கள் அக்காவின் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரம் நிம்மதி. பிறகு கீழே வரிசை நீண்டது. எல்லோரும் மேனேஜரைப் பிடுங்கினார்கள். திடீரென்று ஒருநாள் வரிசை கொஞ்சம் குறைந்தது. எப்படிக் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் லிஃப்டுக்குள் வேறு கூத்து தொடங்கியது. எட்டாவது மாடிக்குப் போகும் பெரியவர் ஒருவர் ஊன்றுகோல் வழுக்கி, நல்லவேளையாக அக்காவின் மடியில் விழுந்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் கையிலிருந்து ஒரு பெட்டி லென்ஸ் கொட்டியது. அக்காவின் டீ தகரத் தட்டில் தளும்பித் தளும்பி அங்கே நிரந்தரமாக ஒரு குளம் கட்டியது.

"வேகம் இன்னும் ஜாஸ்தியா இருக்கு போல. இன்னும் கொறைங்க சார்" என்று மறுபடி போய் நின்றார் அக்கா.

"பாதியாக் கொறச்சாச்சு. இன்னும் கொறைச்சா படியில போறவங்க கீழ எறங்கி வந்து உங்களுக்கு டாட்டா காட்டுவாங்க" என்றார் மேனேஜர். அத்தோடு அவர் நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தெரிந்த இன்னொரு விஷயத்தைச் சொல்லவில்லை.

பிறகுதான் ஒன்பதாவது மாடி இன்ஷூரன்ஸ்காரர். அவர் கையில் காபி, உடம்பில் வெள்ளைச் சட்டை, மேலே காத்திருப்பவரோ பெரிய புள்ளி. லிஃப்ட் கிளம்பியதும் காபி கோப்பையை விட்டுச் சட்டைக்கு மாறியது. பெரிய புள்ளி கறை படிந்த சட்டையைப் பார்த்தாரோ என்னவோ, கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். இன்ஷூரன்ஸ்காரர் கோப்பையைக் குறை சொல்லியிருக்கலாம், தன் கையைக் குறை சொல்லியிருக்கலாம், லிஃப்டைக்கூடக் குறை சொல்லியிருக்கலாம். இத்தனையும் கண்ணெதிரே இருக்க, அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷியைத் தேர்ந்தெடுத்தார்.

"காலையில அந்தம்மா மூஞ்சியில முழிச்சேன், அப்பவே நெனச்சேன்" என்றார். "புருஷனையும் விட்டுட்டு வந்ததாமே. அங்க கடைய மூட வச்சுது. இப்ப நம்மள மூட வைக்கப் போகுது."

ராசி பார்க்கிறவனுக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. ஆராய வேண்டாம், அளக்க வேண்டாம், பதில் சொல்ல வேண்டாம். எதிர்த்துப் பேச வழியில்லாத ஒருவரைக் கை காட்டினால் போதும். கை காட்டப்படுகிறவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதும் தற்செயல் இல்லை. வேலையில் மின்கம்பி தாக்கி ஒருவன் விழுந்தால், அவன் முதலாளியின் ராசிதான் காரணம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

பேச்சு மாடிக்கு மாடி ஏறியது. அதற்கு லிஃப்ட் தேவைப்படவில்லை. படித்தவர்கள், சுவரில் பட்டங்களைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள், நாலைந்து பேர் மூச்சிரைக்கப் படியேறத் தொடங்கினார்கள். ஒருநாள் காலை இன்ஷூரன்ஸ்காரர் கதவருகே நின்று, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "ஒண்ணும் தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஏறும்போது மட்டும் செத்த நேரம் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

அன்று அக்கா திரும்பிக்கொண்டார். ஏன் திரும்பினோம் என்று அவருக்கே தெரியவில்லை. தட்டு பறந்து வந்த வீட்டில்கூடக் குனிந்தாரே தவிர முகத்தைத் திருப்பியதில்லை. ஒன்பது மாடி தூரமும் இரும்புச் சுவரின் திருகாணிகளைப் பார்த்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நாளைக்கு கட்டடச் சங்கக் கூட்டம். உங்கள மாத்தச் சொல்லித்தான் பேச்சே. நீங்களாவே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டா கௌரவமா இருக்கும்."

வீட்டில் அம்மா சொட்டு மருந்துக்கு முகத்தை நிமிர்த்திக்கொண்டே கேட்டார். "ஏன்டி, ஒருவேளை அவங்க சொல்றது மாதிரி ஏதாச்சும் இருக்குமோ?"

அக்காவின் கை நின்றது. "நீயுமாம்மா?"

"இல்லடி, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்குற கேள்வியா இது? கண்ணத் தெற." சொட்டு கண்ணில் விழாமல் கன்னத்தில் விழுந்தது. முந்தானையால் அதைத் துடைத்தபடி அக்கா சொன்னார். "இந்த வேலை போச்சுன்னா அடுத்த எடத்துலயும் இதைத்தான் சொல்லுவாங்க. 'அங்கேர்ந்து ஏன் அனுப்பிட்டாங்க?'ன்னு கேப்பாங்க இல்ல? நாளைக்கு நான் வாயத் தெறந்து என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

சனிக்கிழமை காலை எண்ணெய் போட மெக்கானிக் வந்தார். அக்காவைவிட இரண்டு வயது மூத்தவர். இருந்தும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் கூப்பிடுவதால் அக்காவும் அவரைத் தம்பி ஆக்கிவிட்டார். தம்பிக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்து, இருவரும் மேலே கிளம்பினார்கள். கிளம்பிய கணத்தில் தம்பியின் டீ மீசையில் ஏறியது.

"பாத்தியா?" என்றார் அக்கா. "இதுக்குத்தான் எனக்குக் கெட்ட பேரு. வேகம் பாதி ஆனப்புறம் எப்படிய்யா இப்படி ஒலுக்கும்?"

"ஒலுக்கும்க்கா. சட்டுனு எடுக்குதுல்ல." மீசையைத் துடைத்தார். "முன்னெல்லாம் முழு வேகம் புடிக்க ரெண்டு செகண்டு எடுத்துக்கும். இப்ப அரை செகண்டுதானே."

"என்னது?"

"அரை செகண்டு."

"யாரு வச்சது?"

"நான்தான். மேனேஜரு சொன்னாரு. வேகத்தைக் கூட்டாத, அந்தம்மா சண்டைக்கு வரும், கெளம்புறதையாவது படார்னு கெளம்ப வை, அப்படின்னாரு. ரெண்டும் வேற வேற நம்பர்க்கா. வேகத்துக்கு ஒண்ணு, அந்த வேகத்தைப் புடிக்கிற நேரத்துக்கு ஒண்ணு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அக்கா லிஃப்டைப் பன்னிரண்டாவது மாடியில் நிறுத்தினார். அங்கிருந்து மெஷின் ரூமுக்கு இரும்பு ஏணி. அக்கா முன்னால் ஏற, தம்பி எண்ணெய்க் குப்பியோடு பின்னால் ஏறினார். எண்ணெயும் தூசியும் கலந்து மெழுகியிருந்த சுவரில் அக்கா விரலால் எழுதினார். நின்ற இடத்திலிருந்து இரண்டு மீட்டர் வேகம், இரண்டு நொடியில். இரண்டை இரண்டால் வகுத்தால் ஒன்று. அதாவது நொடிக்கு ஒரு மீட்டர் வேகம் கூடிக்கொண்டு போனது. இப்போது நின்ற இடத்திலிருந்து ஒரு மீட்டர் வேகம், அரை நொடியில். ஒன்றை அரையால் வகுத்தால் இரண்டு.

விரல் அங்கேயே நின்றது. வேகம் பாதி. முடுக்கம் இரண்டு மடங்கு.

"அடப்பாவி" என்றார் அக்கா. மேனேஜரைச் சொன்னாரா, தம்பியைச் சொன்னாரா, இருபது வயதில் பரீட்சை அறையில் சிரித்துக்கொண்டிருந்த தன்னையே சொன்னாரா என்று தெரியவில்லை. "நானும் வேகம் வேகம்னே கத்திட்டு இருந்தேன் பாரு. டீ சிந்துறது கெளம்புறப்பவும் நிக்கிறப்பவும் மட்டும்தான். நடுவுல ஓடும்போது ஒரு சொட்டு சிந்தல. தெனம் கண்ணு முன்னாடி நடக்குது, உறைக்கலையே எனக்கு!"

"இத போய் கூட்டத்துல சொல்லுங்கக்கா."

"வகுத்தல் கணக்குச் சொன்னா எவன் கேப்பான்? எனக்கே பரீட்சையில அலுப்பா இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தார். முகத்தில் சிரிப்பு பரவியது. "தம்பி, எட்டாவது மாடியில முள்ளு வச்ச எடை மெஷின் ஒண்ணு இருக்கு இல்ல?"

சாயங்காலக் கூட்டம் கீழ்த்தளத்தில், லிஃப்ட் வாசலுக்கு எதிரிலேயே நடந்தது. சங்கத் தலைவர் ஐந்தாவது மாடிப் பல் டாக்டர். இன்ஷூரன்ஸ்காரர் எழுந்து, எனக்கு யார் மேலும் விரோதம் இல்லை என்று ஆரம்பித்து, விரோதத்தை முழுக்கக் கொட்டி முடித்தார். "எழுதிக் குடுக்குறீங்களாம்மா?" என்று கேட்டார் தலைவர், நோயாளியிடம் பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்கிற அதே கனிவோடு.

"குடுக்குறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ லிஃப்டுல ஏறுங்க" என்றார் அக்கா. உள்ளே, தரையில், எடை மெஷின் உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்கு?"

"உங்க எடை எவ்வளவு சார்?"

"எழுபத்தி நாலு" என்றார் டாக்டர், கொஞ்சம் வேகமாக.

ஏறி நின்றார். முள் எண்பதில் போய் நின்றது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். "மெஷின் பழசு" என்றார் டாக்டர். இன்ஷூரன்ஸ்காரரும் மேனேஜரும் சாட்சிக்கு உள்ளே வந்தார்கள். இன்ஷூரன்ஸ்காரர் பழக்கதோஷத்தில் அக்காவைப் பார்த்தார். அக்கா இந்த முறை எந்தச் சுவரையும் பார்க்கவில்லை. நேராக அவரையே பார்த்தபடி கதவை இழுத்துச் சாத்தினார்.

லிஃப்ட் கிளம்பியது. முள் எண்பதிலிருந்து துள்ளித் தொண்ணூற்றாறையும் தாண்டி ஆடியது. "ஐயையோ" என்றார் டாக்டர். மறுகணம் முள் எண்பதுக்கே திரும்பி வந்து, அசையாமல் நின்றது.

"இப்பதான் சார் முழு வேகத்துல போயிட்டு இருக்கோம். முள்ளப் பாருங்க, தேமேன்னு நிக்குது. எவ்வளவு வேகமாப் போறோம்ங்கறது ஒடம்புக்குத் தெரியவே தெரியாது. அந்த வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுதுங்கறதுதான் தெரியும். ரெண்டு செகண்டுல புடிக்க வேண்டியத அரை செகண்டுல புடிச்சா முள்ளு குதிக்கும், பெரியவர் விழுவாரு, காபி சட்டைக்குப் போகும். சும்மா இருக்குற என் மூஞ்சி என்ன சார் பண்ணும்?"

அக்கா லிஃப்டைப் பன்னிரண்டாவது மாடியில் நிறுத்தி, மேலே மெஷின் ரூமில் காத்திருந்த தம்பிக்குக் குரல் கொடுத்தார். "தம்பீ! வேகத்தைப் பழையபடி ரெண்டு ஆக்கு. நேரத்தையும் ரெண்டாக்கு!"

"வேகத்தைக் கூட்டவா போறீங்க?" இன்ஷூரன்ஸ்காரர் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

"கூட்டத்தான் போறேன். நல்லாப் புடிச்சுக்குங்க."

கீழே வந்து மறுபடி கிளம்பினார்கள். முள் மெல்ல நகர்ந்து எண்பத்தெட்டு வரை போய், ஏதோ மரியாதைக்கு நலம் விசாரித்துவிட்டு வந்தது மாதிரி எண்பதுக்குத் திரும்பியது. முன்னைவிட இரட்டை வேகம். மாடிகள் சரசரவென்று கீழே போய்க்கொண்டிருந்தன. தகரத் தட்டில் டீ தளும்பவில்லை.

டாக்டர் மெஷினை விட்டு இறங்கி, மேனேஜர் பக்கம் திரும்பினார். "நேரத்தைக் கொறைக்கச் சொன்னது நீங்களா?"

மேனேஜர் லிஃப்டின் கூரையில் எதையோ தேடினார். "வரிசையக் கொறைக்கணும்னு நீங்க எல்லாருந்தானே சார் சொன்னீங்க."

"தெரிஞ்சுகிட்டே அந்தம்மாவ எழுதிக் குடுக்கச் சொன்னீங்களா?"

"ராசின்னு பேசினாங்க... நானும் இருக்குமோன்னு..."

அது பொய். அவருக்கு அப்படி எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. ஊர் நம்புகிற பொய்க்குப் பின்னால் ஒதுங்கி நின்றால் நனையாமல் தப்பிக்கலாம் என்று தெரிந்துவைத்திருந்தார், அவ்வளவுதான். மூடநம்பிக்கை என்றால் ஏதோ அறியாமை, பாவம் என்று விட்டுவிடுகிறோம். அதற்குக் குடை பிடித்து வாழ்கிறவர்கள் நன்றாக அறிந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

கூட்டத்தில் மறுபடி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அக்காவை மாற்றும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்காமலே விட்டுவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு. அக்கா விடவில்லை. "என்ன முடிவு பண்ணிருக்கீங்கன்னு வாயத் தெறந்து சொல்லிட்டுப் போங்க. மாடி மாடியாப் பேசினது பேச்சுதானே? இதையும் அதே மாதிரி சத்தமாப் பேசுங்க." டாக்டர் எழுந்து, அந்தம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரே தொடர்ந்து இருப்பார், சங்கம் வருத்தம் தெரிவிக்கிறது என்று சத்தமாகவே சொன்னார். மேனேஜர் முதலில் கை தட்டினார். அப்படிப்பட்டவர்கள் எப்போதும் முதலில் கை தட்டிவிடுவார்கள்.

இன்ஷூரன்ஸ்காரர் மட்டும் பின்னால் வந்து தயங்கினார். "அப்ப என் சட்டை?"

"மேனேஜர்கிட்ட கேளுங்க. அப்புறம் ஒரு விஷயம் சார். திங்கக்கெழமையிலேர்ந்து நான் செவுத்துப் பக்கம் திரும்ப மாட்டேன். வேணும்னா நீங்க திரும்பிக்கங்க."

இரண்டு வாரம் அவர் ஒன்பது மாடியும் படியிலேயே ஏறினார். ஏதோ ஒரு டாக்டர் சொன்னாராம், உடம்புக்கு நல்லதாம். மூன்றாவது வாரம் முட்டி வலி வந்து, எட்டாவது மாடிக்குச் சிகிச்சைக்குப் போக வேண்டியதாகி, லிஃப்ட் வாசலில் வந்து நின்றார்.

அம்மாவிடம் அக்கா இதையெல்லாம் சொன்னபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பாக்கி பேப்பர இனிமே எழுதக் கூடாதா?"

"எழுதினா என்னம்மா, இன்னொரு மாடி ஒசத்தி விடுவாங்களா? கண்ணத் தெற." சொட்டு இந்த முறை கண்ணிலேயே விழுந்தது.

இப்போதெல்லாம் அந்தக் கட்டடத்தில் ஒரு புதுப் பழக்கம். லிஃப்டில் ஏறுகிறவர்கள், வேகத்துக்குப் பயந்த எட்டாவது மாடி வயதானவர்கள்கூட, முதலில் தகரத் தட்டைப் பார்க்கிறார்கள். டம்ளரைச் சுற்றி டீ சிந்தியிருக்கிறதா? இல்லை. அப்படியானால் ஏறலாம். இன்ஷூரன்ஸ்காரரும் அப்படித்தான், குனிந்து டம்ளரை நன்றாக ஆராய்ந்துவிட்டுத்தான் காலை உள்ளே வைக்கிறார்.

அக்கா கதவை இழுத்துச் சாத்திக்கொண்டே அவரைக் கேட்கிறார்.

"டம்ளரையே பாத்தா எப்படி சார்? மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்க. நல்லாத்தான் இருக்கு."